பூனைக்குப் பெயர் வைக்க எந்தச் சீன வினை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனம் படித்து வருகிறேன். ‘என் பூனைக்குச் சியாவ்பாய் என்று பெயர் வைத்தேன்’ என்பதை ‘வோ மிங்மிங் வோ த மாவ் சியாவ்பாய்’ என்று எழுதினேன். ஆசிரியை வரி முழுவதையும் அடித்துவிட்டார். மிங்மிங் என்றால் ‘பெயரிடு’ என்றுதானே அகராதி சொல்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அகராதியும் சரி, ஆசிரியையும் சரி.

மிங்மிங்கில் முதல் அசை, குரல் இறங்கும் நான்காம் தொனி. அடுத்தது குரல் ஏறும் இரண்டாம் தொனி. அந்த இரண்டாவது மிங்தான் ‘பெயர்’. செயப்படுபொருள் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நம் ‘பெயரிடு’வும் அப்படித்தான். ‘பூனையைப் பெயரிட்டேன்’ காதில் இடிக்கிறது, ‘பூனைக்கு’ என்கிறோம். அந்தக் ‘கு’வின் வேலையைச் சீனத்தில் ‘கெய்’ பார்க்கும், ஆனால் பூனைக்கு முன்னால் நின்று: ‘கெய் மாவ் மிங்மிங்’.

வைத்த பெயரையும் சொல்ல வேண்டுமானால் வினைக்குப் பின் ‘வெய்’ போட்டு, பிறகு பெயர். இந்த வெய் இரண்டாம் தொனி. ‘-க்காக’ என்று பொருள்படும் நான்காம் தொனி வெய்க்கும் இதே எழுத்துதான் என்பதால் உரக்க வாசிக்கும்போது பலர் சறுக்குவார்கள்.

யார் பெயரால் என்பதற்கு ‘யீ’, அது வினைக்கு முன்னால் வரும். சீனாவின் முதல் செவ்வாய் ஊர்திக்கு 2021 ஏப்ரல் 24 அன்று பெயர் அறிவித்தார்கள். ‘பெய் மிங்மிங் வெய் ஜூரொங் ஹாவ்’ என்றால் ‘ஜூரொங் எனப் பெயரிடப்பட்டது’. கலங்களின் பெயரோடு ஒட்டுவது ஹாவ். ‘யீ ஹுவோஷென் ஜூரொங் மிங்மிங்’ என்றால் நெருப்புத் தெய்வமான ஜூரொங்கின் பெயரால் பெயரிட்டது. தென்சீன மாகாணமான குவாங்துங்கில் சியாங்ஷான் மாவட்டம் 1925-இல் ஜொங்ஷான் ஆனதும் இந்த யீ வகைதான்: சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்சென்னைச் சீனர்கள் சுன் ஜொங்ஷான் என்பார்கள்.

இத்தனையையும் சரிசெய்தாலும் பூனைக்கு மிங்மிங் ஒட்டாது. சிறுகோள், சாலை, புதிய உயிரினம், வேதிச் சேர்மம் இவற்றுக்கான சொல் அது. வீட்டில் சொன்னால் அரசாணை வாசித்த மாதிரி இருக்கும். குழந்தைக்கும் பூனைக்கும் ‘ச்சிமிங்’ போதும்: ‘வோ கெய் மாவ் ச்சிமிங் ஜியாவ் சியாவ்பாய்’.

விறைப்பான இந்தச் சொல் தினமும் கண்ணில் படும் இடம் கணினிதான். சீன விண்டோஸில் கோப்பின் பெயரை மாற்றும் கட்டளை ‘ச்சொங்மிங்மிங்’, தைவான் பதிப்பில் ‘ச்சொங்சின் மிங்மிங்’. முதல் எழுத்தைக் ‘கனம்’ என்ற பொருளில் ‘ஜொங்’ என்று படித்துவிடாதீர்கள். இங்கே அது ‘மறுபடி’.