ஐரோப்பாவில் எங்கே வேண்டுமானாலும் வாழலாம் என்கிறார்களே, பிறகு ஏன் விசா, காகிதம் என்று இவ்வளவு புலம்பல்?

அந்த உரிமை ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு. அவர் வேறொரு ஒன்றிய நாட்டில் வாழும்போது, மனைவியோ கணவரோ இந்தியர் என்றால் அவருக்கும் உண்டு. ஆனால் அதைக் காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். புலம்பல் அங்கேதான் ஆரம்பம். (ஷெங்கனை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது எல்லையில் சோதனை இல்லாமல் போய்வருவதற்கு. குடியிருக்கவோ வேலை பார்க்கவோ அல்ல.)

நாங்கள் இருப்பது ஜெர்மனியில். கணவர் பிரெஞ்சுக் குடிமகன். 1962இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். 2004ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டப்படி எனக்கு விசா இலவசம், ஜெர்மன் மொழித் தேர்வு கிடையாது, விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் குடியிருப்பு அட்டை தந்தாக வேண்டும்.

ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதல் கேள்வியே, "ஏ1 சான்றிதழ் எங்கே?" (ஜெர்மன் மொழியின் தொடக்கநிலைத் தேர்வுதான் ஏ1.) சட்டத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மா மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, சரி, அது வேண்டாம் என்றார். அப்புறம் என் பெயரில் சிக்கினோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. திருமணச் சான்றிதழிலோ பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டால் என்ன சொல்வது? இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று மொழிபெயர்ப்பாளரிடம் குறிப்பு எழுதி வாங்கி, இன்னொரு அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருந்து முடித்தோம்.

இதையெல்லாம் எங்கள் நண்பர் ஒருவரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் ஜெர்மன் குடியுரிமை வாங்கிய தமிழர். அவர் மனைவி சென்னையில் ஏ1 தேர்வு எழுதி முடித்த பிறகுதான் விசாவே. ப்ளூ கார்டில் (உயர்தகுதி உள்ளவர்களுக்கான வேலை அனுமதி) வரும் இந்தியரின் மனைவிக்குக்கூட அந்தத் தேர்வு இல்லை. ஒன்றியச் சட்டம் வேறொரு ஒன்றிய நாட்டுக்குப் போனவருக்குத்தான். அதனால் சொந்த நாட்டுக்காரனுக்குத்தான் இந்தக் கெடுபிடி.

பிரிட்டனிலும் இதே கதைதான். 2012 முதல் பிரிட்டிஷ் குடிமகன் வெளிநாட்டு மனைவியை அழைத்துவர ஆண்டு வருமானம் 18,600 பவுண்டாவது இருக்க வேண்டியிருந்தது. அதே லண்டனில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ, பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில், அந்த நிபந்தனை இருக்கவில்லை. எரிச்சல் வராமல் இருக்குமா? ஆனால் அந்தத் தொகையை நிர்ணயித்தது லண்டன், ஏ1 தேர்வை வைத்தது பெர்லின். திட்டு வாங்குவது மட்டும் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் அந்தத் தொகை குறையவில்லை. 2024இல் 29,000 ஆக்கிவிட்டார்கள்.

நீங்கள் ஒன்றிய நாடொன்றின் குடிமகனாக இருந்து சொந்த நாட்டிலேயே இப்படி மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு. வேறொரு ஒன்றிய நாட்டில் துணையோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பினால், ஒன்றியச் சட்டத்தின் சலுகை கூடவே வரும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 1992இல் சுரிந்தர் சிங் வழக்கில் தந்த தீர்ப்பின் பலன் அது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே குடியிருந்திருக்க வேண்டும். வார இறுதியில் போய்வந்த கணக்கெல்லாம் செல்லாது என்று 2014இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.