மழையில் ஏற்ற ஓட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரம் ஒருநாள் காட்டுப்பாதையில் ஏற்ற இன்டர்வெல் ஓடுகிறேன். மூன்று நிமிடம் முழு மூச்சாக மேலே, பிறகு மெதுவாக ஓடியபடி கீழே. இப்படி ஆறு முறை. மழை பிடித்ததிலிருந்து எல்லாம் குளறுபடி. மூன்று நிமிடத்தில் தொட்டுக்கொண்டிருந்த வளைவு இப்போது எட்டவே மாட்டேன் என்கிறது. உந்தும்போது கால் பின்னால் வழுக்குகிறது. மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடுகிறது. மேலே போய் மூச்சிரைக்க நின்றால், கைக்கடிகாரம் இதயத்துடிப்பு 118 என்கிறது! தண்ணீர் புகாத ஷூ வாங்கட்டுமா, மழை விடும்வரை டிரெட்மில்லுக்குப் போகட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த வளைவை மறந்துவிடுங்கள். ஈர மண்ணில் ஒவ்வொரு உந்தலிலும் ஒரு பங்கைச் சேறு எடுத்துக்கொள்கிறது. நுரையீரலும் இதயமும் அதே வேலையைத்தான் செய்கின்றன, தூரம் மட்டும் குறைகிறது. மூன்று நிமிடம், ஆறு முறை என்ற கணக்கு அப்படியே இருக்கட்டும். எவ்வளவு தூரம் போனீர்கள் என்று பார்க்காதீர்கள்.

கெண்டைக்கால் வலிக்குக் காரணமும் அந்த வளைவை எட்டப் பார்ப்பதுதான் என்று நினைக்கிறேன். வழுக்கும்போது நம்மை அறியாமல் விரல் நுனியால் இன்னும் பலமாகப் பின்னோக்கி உதைப்போம். பின்னோக்கித் தள்ளும் விசை கூடுகிறது, மண்ணின் பிடிப்பு அதைத் தாங்குவதில்லை, மறுபடி வழுக்குகிறது. குதிகால் அந்தரத்தில் நிற்க, பாரம் முழுவதும் கெண்டைத் தசையிலும் குதிநாணிலும் இறங்குகிறது. அடியைச் சுருக்குங்கள். பாதம் உடலுக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்பாதம் முழுவதும் அகலமாகப் படிய வேண்டும். பின்னால் உதைக்காமல், கீழே அழுத்தி எழும்புங்கள். இடுப்பில் மடங்கிக் குனியாதீர்கள், குனிந்தால் எடை முன்னே போய்ப் பின்காலின் பிடி விட்டுப்போகும்.

சரிவையும் மாற்றுங்கள். உலர்ந்த நாளில் 10–12 சதவீத ஏற்றத்தில் ஓடுபவர் மழையில் 5–8 சதவீதத்துக்கு இறங்குவது நல்லது (100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறினால் 6 சதவீதம்). செங்குத்தான பாதை ஒன்றுதான் உண்டு என்றால், கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடந்து ஏறுங்கள். பலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். ஆனால் ஓடும்போது இரைப்பதற்குச் சமமாகவே மூச்சு இரைக்கும்.

118 விஷயத்தில் கடிகாரத்தை நம்பாதீர்கள். மணிக்கட்டு சென்சார் தோலுக்குள் ஒளி பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், அளவும் தப்பிவிடும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கினால் ஓரளவு சரியாகும். இதயத்துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஈரம் அதற்கு உதவியே. எப்படியானாலும் முதல் ஒரு நிமிடம் இதயத்துடிப்பு உழைப்புக்குப் பின்தங்கியே ஏறும். மூச்சே நல்ல அளவுகோல்: ஒரே மூச்சில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத நிலை. முதல் இரண்டு முறை 'இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாமே' என்று தோன்றினால் சரியாக ஓடுகிறீர்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம் இறக்கம். அதுதான் ஆபத்து. தொடை களைத்திருக்கும், கவனம் தளர்ந்திருக்கும். மழையில் ஓடி இறங்காதீர்கள், நடங்கள். பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கிவிடும். முழங்காலைச் சற்று மடக்கி, சிறு அடியாக, மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்த்தபடி இறங்குங்கள். ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும் என்றும் இல்லை. ஏற்றம் நீளமாக இருந்தால் இரண்டு நிமிடம் மட்டும் இறங்கி, அங்கிருந்தே அடுத்ததைத் தொடங்கலாம்.

வார்ம்-அப் பதினைந்து இருபது நிமிடத்தின் கடைசிப் பகுதியை, ஓடப்போகும் அதே பாதைத் துண்டில் வைத்துக்கொண்டு தரையைப் படியுங்கள். பட்டை தேய்ந்து வழவழப்பான வேர்தான் முதல் எதிரி. பாதைக்குச் சாய்வாகக் கிடந்தால் இன்னும் மோசம், பாதம் அதன் நீளவாக்கில் சறுக்கிப் போகும். வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். பாசிக் கல்லும் மரப்பலகையும் அப்படியே. சருகுக் குவியல் குழியை மறைக்கும். சேற்றுக்குட்டையைச் சுற்றி ஓடாமல் நடுவில் புகுந்து போங்கள். சுற்றிச் சுற்றியே பாதை அகன்று அரித்துப்போகிறது.

தண்ணீர் புகாத ஷூ வேண்டாம். தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே வரும், வெளியேற வழியிருக்காது. வலைத்துணி ஷூ வாங்குங்கள். சேற்றுக்கு அடிப்பற்கள் 5–6 மி.மீ. உயரமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நெருக்கமான பற்களில் சேறு அப்பிக்கொண்டால் அடிப்பாகம் மொழுக்கென்று ஆகிவிடும். ஈரப் பாறையில் பல்லின் உயரம் உதவாது, மென்மையான ரப்பர்தான் பிடிக்கும். குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்காதபடி மேல் துளை வரை லேஸைக் கோத்து இறுக்குங்கள். பருத்தி சாக்ஸ் கூடாது. விரலிடுக்கில் வாஸ்லின் தடவுங்கள். முன்விளிம்புத் தொப்பி கண்ணைக் காக்கும். முடித்ததும் மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டையும் இருக்கட்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டிடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் திரும்பாதீர்கள். கிளை முறியும் காற்றிலும் காடு வேண்டாம்.

டிரெட்மில் அந்த நாட்களுக்கு. 6 சதவீதச் சாய்வில் அதே மூன்று நிமிடம், அதே ஆறு முறை. அதில் இறக்கம் கிடையாது என்பதால் தொடைத்தசை அந்தப் பாரத்துக்குப் பழக்கம் விட்டுப்போகும். சில வாரம் டிரெட்மில்லிலேயே ஓடிவிட்டால், காட்டுக்குத் திரும்பும் முதல் நாள் ஆறுக்குப் பதில் நான்கோடு நிறுத்துங்கள்.