வயசானா நடை ஏன் மாறுது? அம்மா குட்டி குட்டியா அடி வச்சு நடக்குறாங்க, இது சாதாரணமா இல்ல பயப்படணுமா?

மெதுவா நடக்குறதுக்கு நான் பயப்பட மாட்டேன். பேசும்போது நிக்கிறாங்களான்னு பாருங்க, அதுதான் எனக்கு உறைச்சது.

எங்க அம்மாவுக்கு 74. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல முப்பது வருஷம் பால்மரம் வெட்டி பால் எடுத்தவங்க, காண்டாவாளி (தோள் கம்புல தொங்குற வாளி) நெறய பாலோட மேட்டுலேர்ந்து ஒரு சொட்டு சிந்தாம எறங்குவாங்க. அதே அம்மா இப்ப பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) நடக்குறப்ப "ம்மா, கங்கோங் கீரை வாங்கவா"ன்னு கேட்டா டக்குனு நின்னுடுவாங்க, நின்னு பதில் சொல்லிட்டுதான் அடுத்த அடி. நான் இத ரொம்ப நாளா கத பேசுற ஆசைன்னு நெனச்சு எரிஞ்சு விழுந்திருக்கேன், பின்னாடி வர்றவன் வேற இடிச்சிட்டுப் போவான்.

அப்புறம் கிளினிக்ல பிசியோ சொல்லித்தான் தெரிஞ்சது. நமக்கு நடை தானா ஓடுது, வயசானவங்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் மூளை கணக்குப் போடணும், கூடவே பேசச் சொன்னா ரெண்டுல ஒண்ண நிறுத்திடும். 1997ல சுவீடன்ல முதியோர் குடியிருப்புல இருந்த 58 பேர இப்படிப் பார்த்திருக்காங்க, பேச்சுக் குடுத்ததும் நின்னவங்க 12 பேர், அதுல 10 பேர் ஆறு மாசத்துக்குள்ள விழுந்துட்டாங்க.

குட்டி அடி எதுக்குன்னா, கெண்டைக்கால் சதை வத்திப்போய் பாதத்தால தரைய ஒதச்சுத் தள்ள முடியல, அதனால அடி சுருங்குது. ஒத்தக்கால்ல நிக்கிற நேரத்தக் கொறைக்க ரெண்டு காலும் தரையில இருக்குற நேரம் கூடுது, சில பேரு கால கொஞ்சம் அகட்டி வைப்பாங்க. இது பெரும்பாலும் ஒடம்பு பண்ற உஷார்தான், நோய் இல்ல. (அந்த சிலிப்பார் ஜெப்பூன், ரப்பர் செருப்பு வேற, கழண்டுடும்னு விரல இறுக்கிப் புடிச்சு தேச்சுத் தேச்சு நடப்பாங்க, மொதல்ல அத மாத்துங்க.)

விழாம நிக்கிறதுக்குக் கண்ணு, உள்காது, பாதத்து உணர்ச்சி மூணும் வேணும். நம்ம ஆளுங்கள்ல நெறய வீட்டுல இனிப்புநீர் (சர்க்கரை வியாதி), பாதம் மரத்துப் போயிருக்கலாம், ராத்திரி லைட் போடாம பாத்ரூம் போனா கண்ணும் இல்ல, மிச்சம் உள்காது ஒண்ணுதான், அதுவும் கெழடு. எங்க அம்மா விழுந்ததும் அப்படித்தான், நல்ல வேள மணிக்கட்டோட போச்சு. பிரஷர் மாத்திர, தூக்க மாத்திர சாப்பிடுறவங்கன்னா படுக்கையில கொஞ்சம் உக்காந்துட்டு எந்திரிக்கச் சொல்லுங்க.

வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், 12 செகண்டுக்கு மேல போனா டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்மாவுக்கு மொதல்ல 17. சிங்க்கப் புடிச்சிக்கிட்டு குதிங்கால் தூக்குறது, கைய ஊனாம நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது, பக்கத்துல நான் நிக்கிறப்ப ஒத்தக்கால்ல நிக்கிறது, இதயே நாலு மாசம் செஞ்சாங்க, இப்ப 13. "பெரட்டுல நின்ன காலுடா இது"ன்னு பெரும வேற (பெரட்டுன்னா தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குறது).

ஆனா நடை திடீர்னு மாறினாலோ, ஒரு பக்கமா இழுத்தாலோ, கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னாலோ வயசுன்னு விட்டுடாதீங்க, திடீர்னு வந்தது ஸ்ட்ரோக்காகூட இருக்கலாம், அன்னிக்கே தூக்கிட்டு ஓடுங்க.

இப்பெல்லாம் டவுன்ல ரோடு தாண்டும்போது நான் வாயே தெறக்குறதில்ல. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அம்மாவே விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சிடுவாங்க.