விருந்துக்குப் பச்சை மரக்கறித் தட்டு: கேள்வி பதில்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாப் பக்கம் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். மரக்கறித் தட்டும் தொட்டுக்கொள்ளத் தயிரும் எப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

கந்தப்பளை: அக்கா, 12 பேருக்கு என்னென்ன வைக்கலாம்?

கரட், முள்ளங்கி, சலாது வெள்ளரி, செலரி. இவற்றோடு நோக்கோல் கட்டாயம் இருக்கட்டும் தங்கச்சி. குழம்புக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம், பச்சையாக அத்தனை இனிப்பு. முற்றாததாக, கைக்குள் அடங்கும் அளவில் எடுங்கள். மண் போகக் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள். சீவிய இடத்தில் வெள்ளை நார் தெரிந்தால் இன்னொரு சுற்றுச் சீவ வேண்டும். விரல் நீளத்துக்கு வெட்டி ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால், வளைத்ததும் டக்கென்று ஒடியும்.

தயிர் ஒரு லீட்டரைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் 4 மணி நேரம் வடியவிடுங்கள். நசுக்கிய பூண்டு ஒரு பல், புதினா, மிளகுத்தூள், கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு. உப்பைப் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், முன்னமே போட்டால் தயிர் தண்ணீர் விடும்.

ஹட்டன்: வீட்டிலேயே மயோனீஸ் அடிக்கலாமா?

அதில் பச்சை முட்டை. சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வருகிறார்கள் என்றால் வேண்டாம்.

பண்டாரவளை: போஞ்சியைப் பச்சையாக வைக்கலாமா?

கூடாது. பச்சைப் போஞ்சியில் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, வயிற்றைப் புரட்டிவிடும்.

ராகலை: நாங்கள் பாத்தியில் நின்றே பிடுங்கித் தின்று வளர்ந்தவர்கள். ஒன்றும் ஆகவில்லையே?

அண்ணே, ஒன்றிரண்டு கடித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். என் அக்கா மகன் ஒரு கை நிறையத் தின்றுவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தான், தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். விருந்துத் தட்டில் யார் எத்தனை எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்தால் அந்த லெக்டின் அழிந்துவிடும். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம், இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கீழ்நாட்டுக் கணக்கு நமக்குச் சரிவராது. 10, 12 நிமிடம் விடுங்கள்.

வெலிமடை: வெட்டிவிட்டுக் கழுவவா, கழுவிவிட்டு வெட்டவா?

முதலிலேயே சொன்னேன். கழுவிவிட்டுத்தான். இல்லாவிட்டால் தோலில் இருக்கும் மண்ணைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும்.

கண்டி: கரட்டைத் தோல் சீவிய பிறகு கழுவினால் போதுமா?

போதாது. முதலில் கழுவுங்கள். ஓடும் தண்ணீரில்.

கண்டி: பீட்றூட்?

தனிக் கிண்ணத்தில். சேர்த்து வைத்தால் நோக்கோலெல்லாம் சிவந்துவிடும்.

தலவாக்கலை: கரட் பாத்திக்கு என்ன உரம் போடலாம்?

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது அடுப்படி.

ராகலை: சரி தங்கச்சி, அவிக்கிறேன். பச்சை நிறம் போய்விடுமே?

கொஞ்சம் மங்கும் அண்ணே. சட்டியை மூடாமல் அவித்து, வடித்த கையோடு ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுத் தட்டில் அடுக்குங்கள்.