சுருதி ஏற ஏற அடியில் இறங்கும் ஒலி: டிஸ்டார்ஷன் பிளகின்கள் குறித்த கேள்வி பதில்

வீட்டு ஸ்டூடியோவில் இசை அமைக்கும் நண்பர்கள் டிஸ்டார்ஷன், சாச்சுரேஷன் (மென்மையான டிஸ்டார்ஷன்) பிளகின்களை, அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் சிறு மென்பொருள்களை, பற்றி அனுப்பிய கேள்விகளில், பலரும் கேட்டவற்றைத் தேர்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, டிஜிட்டல் டிஸ்டார்ஷன் என்றாலே உயிரில்லாதது, காதைக் குத்துவது என்று மூத்த ஒலிப்பதிவாளர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா, அல்லது பழைய கருவிகள் மீதுள்ள பாசமா?

பாதி உண்மை, அந்தப் பாதிக்குத் தெளிவான காரணமும் உண்டு. டிஸ்டார்ஷன் என்பது ஒலியலையின் வடிவத்தை மாற்றி, அதில் முன்பு இல்லாத ஹார்மோனிக்குகளை, அதாவது மேற்சுரங்களை, உண்டாக்குவது. தம்புராவில் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியவுடன் தந்தியின் நாதம் சட்டென்று விரிவதைக் கேட்டிருப்பீர்கள். வளைந்த குதிரையின் மீது தந்தி பட்டு விலகும்போது பிறக்கும் மேற்சுரங்களே அந்த விரிவு. வால்வு ஆம்ப்ளிஃபையரும் டேப்பும் மின்சாரத்தில் செய்வது அதே குடும்பத்து வேலைதான். அந்த மேற்சுரங்கள் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் அனலாக் கருவிக்குக் கவலையில்லை. காதுக்கு எட்டாதவை எட்டாமலே போய்விடும்.

கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதே சாம்பிள் ரேட். அது 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸ்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டிப் பிறக்கும் ஹார்மோனிக் மறைவதில்லை. சுவரில் அடித்த பந்தைப் போலக் கீழே திரும்பி வருகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைச் சமச்சீராகக் கிளிப் செய்தால், அதாவது அலையின் மேல், கீழ் உச்சிகளை ஒரே அளவில் வெட்டினால், ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் பிறக்கும். மூன்றாவது 15 கிலோஹெர்ட்ஸ், அதில் பிழையில்லை. ஐந்தாவது 25 கிலோஹெர்ட்ஸாக இருக்க வேண்டியது 19.1இல் வந்து விழும், ஏழாவது 9.1இல் விழும், ஒன்பதாவதோ 45 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக வெறும் 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். மூல ஒலிக்கும் கீழே, அதனோடு எந்தச் சுர உறவும் இல்லாத ஓர் ஒலி! இதைத்தான் ஏலியாசிங் என்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடலின் முடிவில் வரும் சின்த் லீடுக்கு டிஸ்டார்ஷன் போட்டிருந்தேன். லீட் மெல்ல வழுக்கி மேலே ஏற ஏற, அடியில் மெல்லிய விசில் ஒன்று அதற்கு நேரெதிராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கேபிளில் கோளாறு என்று நினைத்து அரைநாள் வீணாக்கினேன். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தபோது ஒரு கோடு ஏறுவதும் பல கோடுகள் இறங்குவதும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. நீங்களும் சோதித்துப் பாருங்கள்: ஒரு சைன் அலையை 100 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றி, உங்கள் பிளகினை முழு டிரைவில் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழ்) வைத்துக் கேளுங்கள். இறங்கும் ஒலி எதுவும் கேட்கவில்லை என்றால் அந்தப் பிளகினைத் தைரியமாக நம்பலாம். மூத்தவர்கள் 'உயிரில்லாதது' என்று சொல்வது பெரும்பாலும் இந்த இறங்கும் ஒலிகளைத்தான் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் எல்லாப் பிளகினிலும் ஓவர்சாம்பிளிங்கை 16 மடங்கில் வைத்துவிடலாமா?

வேண்டாம். ஓவர்சாம்பிளிங் என்பது ஒலியைத் தற்காலிகமாக உயர்ந்த சாம்பிள் ரேட்டுக்குக் கொண்டுபோய், அங்கே டிஸ்டார்ஷன் செய்து, உபரியை ஃபில்டரில் வெட்டிவிட்டு மீண்டும் கீழே கொண்டுவருவது. 4 மடங்கு வைத்தாலே உச்சவரம்பு 88.2 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். மேலே சொன்ன 45 கிலோஹெர்ட்ஸ் ஹார்மோனிக் அங்கே முறையாகப் பிறந்து முறையாக வெட்டப்படும். அந்த 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் 33ஆவது ஹார்மோனிக் அளவுக்குப் போனால்தான் காதில் விழும் எல்லைக்குள் ஏதாவது திரும்பி வரும். மென்மையான சாச்சுரேஷனில் அது மிக மிகச் சன்னமாகவே இருக்கும். ஆகவே பெரும்பாலான வேலைக்கு 4 போதும். கடுமையான ஃபஸ் (கரகரப்பான டிஸ்டார்ஷன்), உச்சஸ்தாயி சின்த், சிம்பல் ஆகியவற்றுக்கு 8 வைக்கலாம். அடிநாதமான பேஸுக்கு 2 மடங்கே அதிகம்.

அளவுக்கு மீறினால் வேறு விலை கொடுக்க நேரும். பிராசசரின் சுமை கூடும். வெட்டும் ஃபில்டர் லீனியர் ஃபேஸ் வகையாக இருந்தால் தாமதம் வரும். அடிக்கு முன்பே ஒரு சிறு நடுக்கமும் சேரக்கூடும். மினிமம் ஃபேஸ் வகையாக இருந்தால் மேல் அதிர்வெண்களின் ஃபேஸ், அதாவது அலைகள் ஏறி இறங்கும் நேர ஒழுங்கு, நகரும். அந்த ட்ராக்கை அதன் மூலத்தோடு இணையாகக் கலக்கும்போது ஒலி வெறுங்கூடு போல ஆகிவிடுவது இதனால்தான். பல பிளகின்களில் ரெண்டர் செய்யும்போது (பாடலை இறுதிக் கோப்பாக எழுதும்போது) மட்டும் ஓவர்சாம்பிளிங்கை உயர்த்தும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் ரெண்டர் ஆனதை ஒருமுறை முழுதாகக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: நண்பரின் ஃபஸ் பெடலில் கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் ஒலி அழகாகத் தெளிகிறது. அதே பெடலின் பிளகினை வாங்கினேன்; அந்தத் தெளிவு வரவில்லை. பிளகினில் குறையா, என் வாசிப்பில் குறையா?

இரண்டிலும் இல்லை, இணைப்பில் இருக்கிறது. 1966இல் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெடலின் வகையில் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, மிகக் குறைவு. கிட்டாரின் பிக்அப்பும் வால்யூம் குமிழும் அந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. குமிழைத் திருப்பும்போது ஒலியின் அளவோடு சர்க்யூட் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. உங்கள் ஆடியோ இண்டர்ஃபேஸின் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) கிட்டார் இன்புட்டோ சுமார் 1 மெகாஓம். பிக்அப்புக்கும் பிளகினுக்கும் நடுவே அது சுவர்போல நிற்கிறது. சர்க்யூட்டை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் அந்தச் சுவருக்கு அப்பால் நடப்பதைப் பிளகின் அறியாது. இன்புட் இம்பீடன்ஸை மாற்றக்கூடிய சில இண்டர்ஃபேஸ்கள் உண்டு. அது இல்லையென்றால் ஃபஸ் ஒன்றுக்கு மட்டும் உண்மையான பெடலை வாங்கி இண்டர்ஃபேஸுக்கு முன்னால் வைக்கச் சொல்வேன்.

டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. முகப்பிலேயே பஃபர் (கிட்டாரையும் சர்க்யூட்டையும் பிரித்து வைக்கும் பகுதி) இருப்பதால் அவற்றைப் பிளகினாக மாற்றுவது எளிது. ஆனால் அங்கே வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சர்க்யூட்டில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் (பெருக்கும் அளவு) குறைந்துகொண்டே வரும். தாழ்ந்த சுரங்கள் குறைவாகவும் நடுச்சுரங்கள் அதிகமாகவும் கிளிப் ஆவதால்தான் அதன் ஒலி இறுக்கமாக இருக்கிறது. எல்லா அதிர்வெண்ணையும் ஒரே வளைகோட்டில் போட்டு நெளிக்கும் எளிய பிளகினில் அந்த இறுக்கம் வராது. அதற்கு முன்னால் ஒரு ஈக்யூ (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பிளகின்) வைத்து அடிப்பகுதியைக் குறைத்து, பின்னால் இன்னொரு ஈக்யூவில் அதைத் திருப்பிக் கொடுத்தால் பாதி தூரம் வந்துவிடலாம்.

கேள்வி: ஒவ்வொரு ட்ராக்கிலும் சாச்சுரேஷன் போட்டேன். தனித்தனியே கேட்டால் அருமை. மொத்தமாகக் கேட்டால் குழம்பு போல் இருக்கிறது. ஏன்?

முதல் காரணம், உங்கள் காது ஏமாந்திருக்கிறது. டிரைவைக் கூட்டினால் சத்தமும் கூடும். சத்தம் கூடியது எதுவும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். அவுட்புட்டைக் குறைத்து, பிளகின் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். நான் இப்படிச் செய்யும்போது பாதிக்கும் மேற்பட்ட சாச்சுரேஷனை எடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கும். 220 ஹெர்ட்ஸ் ஷட்ஜமும் 330 ஹெர்ட்ஸ் பஞ்சமமும் சேர்ந்தால் வித்தியாசம் 110. அது கீழ்ஸ்தாயி ஷட்ஜமே. ராக் கிட்டாரில் பவர் கார்ட் கம்பீரமாக ஒலிப்பது இதனால்தான். கீபோர்டில் அதே 220உடன் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் அது சுமார் 277, வித்தியாசம் 57. நமக்கு வேண்டியது 55. தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் 275இல் இருப்பதால் அங்கே கணக்குச் சரியாக விழுகிறது. கீபோர்டின் சம அளவுச் சுருதியில் விழுவதில்லை. ஆகவே கார்டுகள் வாசிக்கும் பேடை (நீண்டு ஒலிக்கும் பின்னணி கீபோர்டு ஒலி) அப்படியே டிஸ்டார்ஷனுக்குள் தள்ளாமல், ஒவ்வொரு சுரத்தையும் தனி ட்ராக்காகப் பிரித்து டிஸ்டார்ட் செய்து பிறகு கலந்து பாருங்கள். குழம்பு பெருமளவு தெளியும்.

உள்ளே போகும் அளவையும் பாருங்கள். அனலாக் கருவிகளைப் போலச் செய்யப்பட்ட பிளகின்களில் பல, சராசரி அளவு மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபெல் கீழே) அருகே இருக்கும் என்று எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. சாம்பிள் லைப்ரரிகளோ உச்சத்தைத் தொட்டுக்கொண்டு வருகின்றன. குமிழைத் தொடும் முன்பே நீங்கள் அதிகமாக ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ஹெட்போனில் அதிரும் பேஸ், போனின் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது.

டிஸ்டார்ஷன் பிளகினுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கும் இடம் இது. 50 ஹெர்ட்ஸைப் போனின் சிறு ஸ்பீக்கர் தராது. ஆனால் 150, 200, 250, 300 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் ஓரளவாவது கேட்டால், இல்லாத 50ஐ மூளை தானே நிரப்பிக்கொள்ளும். பேஸின் நகல் ஒன்றை எடுத்து, அதன் அடிப்பகுதியை வெட்டி, மீதியைப் பலமாக டிஸ்டார்ட் செய்து, மூலத்துக்கு அடியில் மெல்லக் கலந்துவிடுங்கள். மூலத்தின் அடிநாதம் கறைபடாமல் இருக்கும். அதிர்வெண்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வேறு டிஸ்டார்ஷன் கொடுத்து, பாட்டின் சரணத்தில் மட்டும் அதை ஏற்றுவது பிளகினில் இரண்டு நிமிட வேலை. கருவிகளைக் கொண்டு செய்வதென்றால் ஒரு மேசை நிறையப் பெட்டிகள் வேண்டும்.

கேள்வி: பறை ஒலிப்பதிவில் கூர்மையான உச்சங்களை அடக்க லிமிட்டரா, கிளிப்பரா?

மென்மையான கிளிப்பர். கிளிப்பர் உச்சியை மட்டும் வெட்டும்; லிமிட்டர் ஒலியளவையே சற்று நேரம் குறைக்கும். கிளிப்பரில் 2 அல்லது 3 டெசிபெல் வரை வெட்டினால், அடி விழும் கணத்தின் கூர்மையோடு அது கலந்துவிடும். லிமிட்டர் அந்த அடிக்குப் பின்னால் வரும் அதிர்வையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது.

கேள்வி: நியூரல் கேப்சர் வந்தபின் பழைய வகைப் பிளகின்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

உண்மையான ஆம்ப் ஒன்றின் ஒலியை நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்து எடுக்கும் நகலே நியூரல் கேப்சர். அதற்கான மென்பொருளான நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கிறது. நல்ல கேப்சர் ஒன்றில் வாசிக்கும்போது ஆம்பின் முன் நிற்கும் உணர்வு கிடைப்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கமான கேப்சர் என்பது குமிழ்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தபோது எடுத்த புகைப்படம். கெயினைப் பாதியாகக் குறைத்தால் அந்த ஆம்ப் என்ன செய்திருக்கும் என்பது அதற்குத் தெரியாது. குமிழைத் திருப்பித் தேடும் வேலைக்குச் சர்க்யூட்டைக் கணக்கிடும் பிளகின் வேண்டும். தேடி முடித்த ஒலிக்குக் கேப்சர் போதும். ஆம்பின் தலைப்பகுதியை மட்டும் எடுத்த கேப்சர் என்றால், அதன் பின்னால் ஸ்பீக்கர் கேபினெட்டின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (அந்த ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவு இல்லாமல் கேட்டுவிட்டு 'தேனீக்கூடு போல் இரைகிறது' என்று எனக்கு எழுதியவர்களில் பலர் மறந்திருந்தது இதைத்தான்.