தானாய்ப் போன பருவும் பேர் வாங்கிய தேசிக்காயும்

வாசகர் கேள்விகளுக்கு, திருகோணமலையில் முப்பது வருடம் பாமசி மேசைக்குப் பின்னால் நின்ற அன்ரியின் பதில்கள்

கேள்வி: அன்ரி, எனக்கு 17 வயது. உயர்தரம் படிக்கிறேன். ஒரு வருடமாக நெற்றியிலும் கன்னத்திலும் பரு. அம்மம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறா. ரியூசனில் என் பக்கத்தில் இருப்பவள் தேசிக்காய்ப் புளி பூசி இரண்டு கிழமையில் மாறிவிட்டதாம். அண்ணா போனில் பார்த்துவிட்டு ‘டீ ட்ரீ ஒயில்’ வாங்கச் சொல்கிறார். அம்மாவோ கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் போய்க் குளி என்கிறா. நான் யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: முதலில் அந்தத் தேசிக்காயைக் கீழே வை, பிள்ளை. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

உன் வயதில் எனக்கும் பரு இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டி இரண்டு கன்னத்திலும் தேய்த்தேன். காயவிட்டு, முகம்கூடக் கழுவாமல், மத்தியான வெயிலில் கோணேசர் கோயிலுக்கு மலையேறினேன். அடுத்த நாள் கன்னம் எரிந்தது. அதற்கடுத்த நாள் சின்னச் சின்னக் கொப்புளம். அது காய்ந்தபோது புளி எந்த வழியால் நாடிவரை வடிந்ததோ அந்த வழியே மண்ணிறக் கோடு. பரு ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. கோடு ஏழெட்டு மாதம் இருந்தது. ‘கண்மை வழிந்திருக்கு’ என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் துடைத்துவிட வந்தார்கள் தெரியுமா?

காரணத்தைப் பிற்காலத்தில், மருந்து படிக்கும்போதுதான் அறிந்தேன். தேசிக்காயில் ஃபுரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் சூடு பட்டது போல வெந்துவிடும். போதாததற்கு அந்தப் புளியின் அமிலத்தன்மை வேறு. நம் தோலின் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 5, தேசிக்காய்ப் புளியினது ஏறத்தாழ 2. எங்கள் ஊர் வெயிலில் இதைப் பூசிக்கொண்டு வெளியே போவது வீண் வேலை.

அப்படியானால் உன் சிநேகிதிக்கு எப்படி மாறியது? இதைத்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பரு ஏறும், இறங்கும். நாம் மருந்து தேடுவது அது உச்சத்தில் நிற்கும்போதுதான். அதற்குப் பிறகு எப்படியும் இறங்கத்தான் போகிறது. இறங்கும் நேரத்தில் கையில் எது இருந்ததோ, பேர் அதற்குப் போய்விடும்.

அவுஸ்திரேலியாவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வைப் பார். 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்கள், 12 கிழமை. ஒரு பகுதியினருக்கு, இரத்தத்தில் சீனியைச் சட்டென ஏற்றாத சாப்பாடு. மற்றவர்கள் வழக்கம்போல மாச்சாப்பாடு. முதல் பகுதியினருக்குச் சராசரியாக 23க்கு மேல் பருக்கள் குறைந்தன. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்கு? அவர்களுக்கும் 12 குறைந்தது! அந்த 12 பருவும் எதற்கும் பேர் வாங்கிக் கொடுக்காமல் தானாய்ப் போனவை. அவர்கள் தேசிக்காய் பூசியிருந்தால் தேசிக்காய்க்கும், கன்னியாவில் குளித்திருந்தால் கன்னியாவுக்கும் அது வரவாகியிருக்கும். ஆகவே ‘எனக்கு மாறியது’ என்று ஒருவர் சொன்னால், பூசாதவருக்கு எவ்வளவு மாறியது என்று கேட்காமல் நான் நம்புவதில்லை. (பாணையும் சோடாவையும் குறைத்துப் பார்ப்பதில் தவறில்லை என்பதும் அந்த ஆய்விலிருந்து வருவதுதான்.)

அந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் வைத்திருப்பது உன் அண்ணா சொன்ன எண்ணெய். பெயரைப் பார்த்து நுவரெலியாத் தேயிலை என்று நினைக்காதே. அது அவுஸ்திரேலியாவில் வளரும் வேறு மரம், தேயிலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1990இல் அங்கே 124 பேரை வைத்து, 5 வீத டீ ட்ரீ ஜெல்லையும் பாமசியில் கிடைக்கும் பரு மருந்தான 5 வீத பென்சாயில் பெரொக்சைட்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. 2007இல் ஈரானில் 60 பேரிடம், மருந்தில்லாத வெறும் ஜெல்லோடு 45 நாள் ஒப்பிட்டபோதும் அது முன்னால் நின்றது. சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

கவனம், 5 வீதம் என்றேன். போத்தலில் இருப்பதை அப்படியே பூசினால் முகம் எரிந்து சிவக்கலாம். ஒரு மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 19 மில்லிலீற்றர் கற்றாழை ஜெல் கணக்கு. தேங்காயெண்ணெயில் கலக்காதே, அது மயிர்த்துவாரத்தை அடைக்கும். முகத்துக்குப் போகும் முன் முழங்கையின் உள்மடிப்பில் இரண்டு மூன்று நாள் பூசிப் பார். சிவந்தால் விட்டுவிடு. குடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வை.

அம்மம்மாவின் வேப்பிலைக்கு வருவோம். வேம்பும் மஞ்சளும் ஆய்வுகூடத் தட்டில் கிருமியைக் கொல்லும், அது உண்மை. தட்டு வேறு, கன்னம் வேறு. பருவுக்குக் கிருமி மட்டுமா காரணம்? ஓமோன் ஏறும் வயதில் எண்ணெய் அதிகம் சுரக்கிறது, துவாரத்தின் வாய் அடைபடுகிறது, அதற்குள் கிருமி பெருகுகிறது, பிறகு வீங்குகிறது. முகத்தில் பூசி, பூசாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த நல்ல ஆய்வுகள் வேம்புக்கும் மஞ்சளுக்கும் மிகக் குறைவு. அம்மம்மாவின் மனதுக்காகப் பத்து நிமிடம் பூசிக் கழுவலாம், உரசித் தேய்க்காமல். சிலருக்கு மஞ்சள் ஒத்துவராமல் கடிக்கும். கடித்தால் அம்மம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லி நிறுத்து.

அதற்காக நாட்டு மருந்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். 1995இல் இந்தியாவில் 82 பேரிடம் நான்கு ஆயுர்வேதக் கலவைகளை 6 கிழமை கொடுத்து, மருந்தில்லாத போலிக் குளிசையோடு ஒப்பிட்டார்கள். மூன்று தோற்றன. குடசப்பாலை, நெல்லி, வாய்விளங்கம், சுக்கு சேர்ந்த ‘சுந்தர் வட்டி’ மட்டும் பருவைக் குறைத்தது. இதில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று தோல்விதான். எல்லாம் நல்லது என்று சொல்லாமல், தேறியது இது, தேறாதது இது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் பார்.

கன்னியா? ஏழு கிணறு, ஏழு விதமான சூடு, போய்க் குளித்துவிட்டு வா. பருவுக்கு அல்ல, உடம்பு அலுப்புக்கு.

சரி, நீ என் பேத்தியாக இருந்தால் என்ன செய்வேன்? 2.5 வீத பென்சாயில் பெரொக்சைட் வாங்கிக் கொடுப்பேன். இரவில் மெல்லிய பூச்சு, முதல் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள். தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும், நிறத்துணியை அது வெளுக்க வைத்துவிடும். எட்டுப் பன்னிரண்டு கிழமை பொறுக்க வேண்டும். உயர்தரப் பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? பெரிய கட்டியாக வந்து வலித்தால், அல்லது குழி விழத் தொடங்கினால், எதையும் பூசிக்கொண்டு இருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போ. குழி விழுந்த பிறகு நிரப்புவது பெரிய பாடு.

கேள்வி: சுத்தமான காட்டுத் தேன் வீட்டில் இருக்கிறது. முகத்தில் பூசினால் பரு போகுமா?
— வாசகர், மூதூர்

பதில்: நியூசிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வில், மருத்துவத் தரத்தில் சுத்திகரித்த, கானுக்கா என்ற மரத்துப் பூவின் தேனைக் கிளிசரினோடு கலந்து 12 கிழமை பூசிப் பார்த்தார்கள். 136 பேர். எல்லோருக்கும் கிருமிநாசினிச் சவர்க்காரம், பாதிப் பேருக்கு மட்டும் தேன். சவர்க்காரம் மட்டும் போட்டவர்களைவிடத் தேன்காரர் மேலாக வரவில்லை. உங்கள் தேனை மூதூர் எருமைத் தயிரில் விட்டுச் சாப்பிடுங்கள் தம்பி. முகத்துக்கு ஏன் அநியாயமாக்குகிறீர்கள்?

கேள்வி: மகனுக்கு 19 வயது. ஜிம்முக்குப் போகிறான், புரதப் பவுடர் குடிக்கிறான். முதுகெல்லாம் பரு. ‘சிங்க்’ குளிசை போட்டால் மாறும் என்று அவனே வாங்கி வந்திருக்கிறான். கொடுக்கலாமா?
— ஒரு தாய், தம்பலகாமம்

பதில்: சிங்க் (துத்தநாகச் சத்து) வெறும் கதை இல்லை. 2001இல் வெளியான ஆய்வொன்றில் 332 பேருக்கு மூன்று மாதம், ஒரு சாராருக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் சிங்க், மற்றவர்களுக்கு மினோசைக்ளின் என்ற அன்ரிபயோட்டிக். சிங்க் போட்டவர்களில் 31 வீதமானோருக்குத்தான் நல்ல பலன், மினோசைக்ளின் போட்டவர்களில் 63 வீதமானோருக்கு. பாதிப் பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், கூடிய அளவில் நெடுநாள் போட்டால் உடம்பில் செப்புச் சத்துக் குறையும். ஆனால் நான் முதலில் கை வைப்பது அந்தப் பவுடரில். பாலிலிருந்து எடுக்கும் ‘வே’ புரதம் குடித்த பையன்களுக்குப் பரு கிளம்பியதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதம் நிறுத்தி, முட்டையும் மீனும் பருப்பும் கொடுத்துப் பாருங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு டப்பாவில் புரதம் வாங்குவது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

கேள்வி: சலூனில் கலந்து கொடுத்த ‘இயற்கை மூலிகை’ கிறீம் ஒரு கிழமையில் பருவை மாற்றியது, முகமும் வெளுத்தது. நிறுத்தினால் முன்னையைவிடக் கூட வருகிறது. திரும்பப் பூசவா?
— வாசகி, திருகோணமலை நகர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஒரு கிழமையில் பரு அடங்கி முகம் வெளுத்து, நிறுத்தினால் திரும்பிப் பாய்கிறது என்றால் அதற்குள் வீக்கத்தைச் சட்டென அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். மூலிகை என்று மேலே எழுத யாரும் காசு கேட்பதில்லை. வெளுக்க வைக்கும் கிறீம் சிலவற்றில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிறுத்தும்போது முகம் சிவந்து எரியலாம், ஆகவே தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் தோல் டொக்டரிடம் போங்கள். கிறீமைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். டப்பாவோடு போனால்தான் அவருக்கு விளங்கும்.