ரெட்டைக் குழலா, பம்ப் ஆக்‌ஷனா?

கேள்வி: அண்ணே, ஊரு கம்பம், ஏலத்தோட்டம் வண்டன்மேடு பக்கம். காட்டுப்பன்னி தொல்லை தாங்கல. தாத்தாவோட ரெட்டைக் குழல் துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் என் பேர்லதான். அதைக் குடுத்துட்டு படத்துல வர்ற மாதிரி கருப்பு பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையைப் பின்னால இழுத்துத் தள்ளித் தோட்டா ஏத்துற துப்பாக்கி) வாங்கலாமா?

பதில்: தம்பி, படத்துல வர்றது பாக்க ஜோராத்தான் இருக்கும், ஆனா அந்த டாக்டிக்கல் (போலீஸ், ராணுவ பாணி) மாடல்ல நிறைய 18.5 இஞ்ச் குழல், நம்ம சட்டத்துல 20 இஞ்சுக்குக் கீழ போனாலே தடை செஞ்ச வகை, சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறுற செமி ஆட்டோமேட்டிக்கும் அதே கதிதான். நீளக்குழல் பம்ப்னா லைசென்ஸ் கிடைக்கும், நாலஞ்சு தோட்டா நிக்கும், அது நிஜமான வசதிதான், ஆனா பதட்டத்துல முன்கட்டையை முழுசா இழுக்காம விட்டா தோட்டா சிக்கிக்கும். ரெட்டைக் குழல்ல ரெண்டே வெடி, ஆனா மடக்கித் திறந்தா தோட்டாவோட பித்தளை அடி ரெண்டும் பளிச்சுனு கண்ணுக்குத் தெரியும், லோடு ஆயிருக்கா இல்லையானு சந்தேகமே வராது, வழுக்குற தோட்டத்துல ராத்திரி டார்ச்சோட நடக்குறவனுக்கு எனக்குத் தெரிஞ்சு இதான் பெருசு. குமுளி மழைக்கு குழல் உள்ள எண்ணெத்துணி விட்டு எடுக்கிறதும் சுலபம். தாத்தாவுதையே வச்சுக்கங்க, பழசுங்கிறதால லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்ட்ட ஒருதடவை காட்டிருங்க.

இன்னொண்ணு, வண்டன்மேடு கேரளாவுல இருக்கிறதால உங்க லைசென்ஸ் அங்கயும் செல்லுமானு பாருங்க. அங்க 2022ல பஞ்சாயத்து தலைவருக்கே பன்னி சுட அனுமதி தர்ற அதிகாரம் குடுத்தாங்க, அந்த அனுமதி இல்லாம சுட்டா வனத்துறை கேஸ்தான்.